லிட்டருக்கு 3 கி.மீ... இன்ஜினை ட்யூன் செய்தால் மோட்டார் ஹோமின் மைலேஜ் கூடுமா?

புது வண்டி வாங்கி வாசலில் நிறுத்தினால், நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி, "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். விலை, நிறம் எல்லாம் அப்புறம். அமெரிக்காவின் டென்வர் நகரில் 30 ஆண்டுகளாக வசிக்கும் கோவைக்காரர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார். ஊரிலிருந்து போனில் பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது அதே கேள்வி.

"லிட்டருக்கு மூணு" என்பார் அவர்.

"முப்பதா?"

"இல்லீங்க, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

மோட்டார் ஹோம் என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை, ஷவர் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் சுருக்கமாகச் சொல்லும் வண்டிகளில் இது ஒரு வகை. இவர் வாங்கியது 2003-ம் வருட மாடல். சுமார் 10 மீட்டர் நீளம், 8 டன் எடை. நம் ஊர் டவுன் பஸ் ஒன்றுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டதுபோல இருக்கும். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 சேஸி மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். இன்ஜின், அதே நிறுவனத்தின் 6.8 லிட்டர் வி-10 பெட்ரோல் இன்ஜின். 10 சிலிண்டர், 310 குதிரைத்திறன்.

வண்டி வாங்கும் யோசனை மனைவியுடையது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, விடுமுறைக்குப் போகிற இடங்களில் மோட்டல் அறையில் ரைஸ் குக்கரை ஒளித்துவைத்துச் சமைத்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. ரசத்தின் வாசனை பக்கத்து அறைக்குப் போய்விடுமோ என்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தாளித்தவர். 'சொந்த அடுப்போடு ஊர் சுற்ற வேண்டும்' என்பது அவரது நெடுநாள் ஆசை. அது 60 வயதுக்கு மேல் நிறைவேறியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மலை வரும் வரை.

ஏற்றத்தில் மூச்சு வாங்கிய வி-10

டென்வர் நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் ராக்கி மலைத்தொடர். அதைக் குடைந்து போகிறது ஐசனோவர் சுரங்கப்பாதை. 1973-ல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஒன்றரை மடங்கு உயரம். அதை நெருங்கும் சாலை, சில இடங்களில் 100 மீட்டருக்கு 6 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது.

அந்த ஏற்றத்தில் முதல் முறை போனபோது வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கி, மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்குச் சுருங்கிவிட்டது. இன்ஜின் சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. பின்னால் கார்கள் வரிசைகட்டி நின்றன. சரக்கு லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி முந்திப் போனது. 30 வருஷம் அலுவலகத்தில் யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் வேலை பார்த்தவருக்கு, லாரிக்காரரின் அந்த ஹாரன் சுருக்கென்று தைத்தது.

இன்ஜின் பழுதாகிவிட்டதா என்றால், இல்லை. உயரம் போகப்போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். டர்போ இல்லாத இன்ஜின், தானாக உறிஞ்சுகிற காற்றை மட்டுமே நம்பி ஓடுவது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் திறனை அது இழக்கும். 11,000 அடி உயரத்திலிருக்கும் அந்தச் சுரங்கத்தின் வாசலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். தாளில் 310 என்று இருப்பது அங்கே 210 பக்கம் நிற்கும். கியர்பாக்ஸ், கூலிங் ஃபேன் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும். 8 டன் எடையை 60 கி.மீ. வேகத்தில் அந்த ஏற்றத்தில் தூக்குவதற்கு மட்டுமே 105 குதிரைத்திறன் வேண்டும். உருளும் சக்கரத்துக்கும் எதிர்க்கும் காற்றுக்கும் கொடுக்க வேண்டியது தனி.

ஆனால், கோயம்புத்தூர்க்காரர் ஆயிற்றே. பம்ப்செட்டும் லேத்து பட்டறையும் சூழ வளர்ந்தவர். 'எந்த இன்ஜினையும் கொஞ்சம் சரி பண்ணினால் இன்னும் நன்றாக ஓடும்' என்பது அவர் ரத்தத்திலேயே இருந்தது. விசாரித்தார். மூன்று வேலைகள் செய்யலாம் என்றார்கள். ஒன்று, இன்ஜினுக்கு வெளிக்காற்றைத் தாராளமாகக் கொண்டுவரும் புதிய இன்டேக். இரண்டு, புகை சுலபமாக வெளியேற பெரிய எக்ஸாஸ்ட். மூன்று, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு புதிய புரோகிராம். இதைத்தான் இங்கே ரீமேப் என்கிறோம். பவரும் கூடும், மைலேஜும் கூடும் என்றார்கள். மொத்தம் 3,000 டாலர்.

அந்த 3,000 டாலர் சும்மா கிடந்த பணம் இல்லை. வண்டியின் 6 டயர்களையும் மாற்றுவதற்காக எடுத்துவைத்தது.

"டயர்ல பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருக்குது. அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்றார் கணவர்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெட்ரோல் போட்ட தேதி, ஓடிய தூரம், போட்ட அளவு, கொடுத்த காசு எல்லாம் அதில் ஏறிவிடும். பால் கணக்கு எழுதிய பழக்கம். புது பக்கத்தைத் திருப்பி, மேலே 'இன்ஜின் வேலைக்கு அப்புறம்' என்று எழுதிவைத்தார்.

போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு

வேலை முடிந்ததும் முதல் பயணம், கன்சாஸ் சிட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு. சுமார் 970 கி.மீ. போய்ச் சேர்ந்ததும் நோட்டைப் பார்த்தார்கள். கேலன், மைல் கணக்கை மாற்றிப் பார்த்தால் லிட்டருக்கு 3.5 கி.மீ. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றிலிருந்து மூன்றரை! மாப்பிள்ளையை வண்டிக்குக் கீழே படுக்கவைத்து எக்ஸாஸ்ட் குழாயைக் காட்டினார்.

"ஏனுங்க, திரும்பிப் போறப்பவும் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் மனைவி.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கன்சாஸ் சிட்டி 300 மீட்டருக்கும் கீழே. பார்க்கச் சமவெளிபோலத் தெரிந்தாலும், வழி முழுக்க இறக்கம். அன்று காற்றும் முதுகுப் பக்கம் வீசியது. திரும்பி வரும்போது அதே இறக்கம் ஏற்றமானது. காற்று முகத்தில் அடித்தது. நோட்டில் விழுந்த எண், 2.7.

இரண்டையும் சேர்த்தால் 1,940 கி.மீ. தூரத்துக்கு லிட்டருக்கு 3.05 கி.மீ. முந்தைய ஆண்டு, எந்த மாற்றமும் செய்யாமல் இதே வழியில் போய்வந்தபோது கிடைத்தது 3.0.

மகள் போனிலேயே கணக்குப் போட்டுச் சொன்னாள். "அப்பா, வருஷத்துக்கு நீங்க 8,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வெச்சுக்கலாம். முன்னாடி 2,667 லிட்டர் பெட்ரோல் ஆகும். இப்போ 2,623 லிட்டர். மிச்சம் 44 லிட்டர். லிட்டர் ஒரு டாலர்னு வெச்சா, வருஷத்துக்கு 44 டாலர். போட்ட 3,000 டாலரை எடுக்க 68 வருஷம் ஆகும்பா."

அவருக்கு அப்போது வயது 66.

சரி, மைலேஜ் உண்மையிலேயே 10 சதவீதம் கூடியிருந்தால்? அப்போதும் ஆண்டுக்கு மிச்சம் 240 லிட்டர்தான். முதலை எடுக்க 12 வருஷத்துக்கு மேல் ஆகும். மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் அதைத் தினமும் ஓட்டுவதில்லை. அதனால்தான், எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று செலவு செய்யும் பணம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இன்ஜினுக்கு மூக்கடைப்பா?

'காற்று நன்றாக உள்ளே போனால் மைலேஜ் கூடும்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகக் கலந்து, கரும்புகை வந்த காலம் அது.

இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கதை வேறு. எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்ஸார், எரிந்துபோன புகையை விடாமல் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஓடும்போது 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கை கம்ப்யூட்டர் காப்பாற்றும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. 2009-ல் வெளியான அந்த ஆய்வில், இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்துப்போன ஏர் ஃபில்டரை மாற்றினாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று தெரிந்தது. ஆனால், வண்டி வேகம் எடுக்கும் திறன் 6 முதல் 11 சதவீதம் வரை கூடியது. காற்று தாராளமாகக் கிடைத்தால் பவர் கூடும், மைலேஜ் கூடாது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

குழாயில் மாட்டும் காந்தம், பெட்ரோலில் கரைக்கும் மாத்திரை, காற்றைச் சுழற்றிவிடும் விசிறி என்று விற்கப்படும் சமாசாரங்கள் தனி ரகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் பொருள் என்று ஒன்றைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை.

பெட்ரோல் போவது எங்கே?

அப்படியானால் லிட்டருக்கு 3 கி.மீ. மட்டும் கிடைப்பதற்குக் காரணம் யார்? இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன், வண்டியின் முகத்தை ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். 2.5 மீட்டர் அகலம், 3 மீட்டருக்கு மேல் உயரம். ஏறக்குறைய 8 சதுர மீட்டர் செங்குத்துச் சுவர். அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதுதான் இன்ஜினின் முக்கால்வாசி வேலை.

காற்றுக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். இந்த அளவுள்ள வண்டி மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் சுமார் 100 குதிரைத்திறன் செலவாகிறது. அதே வண்டியை 88 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சுமார் 60 போதும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. எந்த ரீமேப்பும் இந்த அளவுக்குக் கொடுக்காது. இதற்குக் கட்டணமும் கிடையாது.

அமெரிக்க அரசே இதை ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, பங்குகளில் கார்கள் மைல் கணக்கில் வரிசை நின்றன. எந்த கார் இன்ஜினையும் ஒரே இரவில் மாற்ற முடியாது. அரசு மாற்றியது வேகத்தை. 1974 ஜனவரியில் வந்த சட்டம், நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று கட்டிப்போட்டது.

அந்தத் தடை வந்த அதே 1973-ல்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரபலமான ஜி.எம்.சி. மோட்டார் ஹோமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 7.5 லிட்டர் வி-8 இன்ஜின். ஆனால், முன்சக்கர இயக்கம் என்பதால் தரையைத் தாழ்த்தி, வண்டியின் உயரத்தைக் குறைத்து, முனைகளை வளைத்திருந்தார்கள். 1978-ல் தயாரிப்பு நின்றுபோனாலும், இன்றும் அதைப் பராமரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். காற்றோடு சண்டை போட வேண்டிய இடம் வண்டியின் உடம்பு என்பது அந்த வடிவமைப்பாளர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பவர் கூடியது உண்மைதான்

இனி நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செய்த வேலை முழுக்க வீண் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் ஐசனோவர் ஏற்றத்தில் போனபோது, 60 கி.மீ. வேகத்தில் திணறிய வண்டி 66-ல் ஏறியது. கியர் முன்புபோல அடிக்கடி மாறவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே பதில் கிடைத்தது. அவர் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் ஒரு விலை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி 10 கி.மீ. ஏற்றத்துக்கு முன்பு 10 நிமிடம் ஆனது. இப்போது 9 நிமிடம்.

"மிச்சமான ஒரு நிமிஷத்தை என்ன பண்ணலாமுங்க?" என்று கேட்டார்.

சுரங்கத்தைத் தாண்டி மறுபக்கம் வந்ததும் இறக்கம். சில்வர்தார்ன் ஊரை நோக்கிச் சரியும் அந்தச் சாலையில், பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கவாட்டில் சரளைக்கல் மேடுகள் கட்டிவைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் நன்றாக ஏறிய உற்சாகத்தில், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினார். பாதி வழியில் கருகிய வாசனை வந்தது. பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது.

"லோ கியர் போடுங்க. அங்க நிறுத்திடுங்க" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. வண்டி ஓரத்தில் நின்றது. முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்தது. ஒரு மணி நேரம் பிரேக் ஆறும் வரை இருவரும் சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

8 டன் வண்டியை மேலே ஏற்றச் செலவழித்த சக்தி முழுவதும், கீழே இறங்கும்போது திரும்பி வரும். அதை இன்ஜினைக் கொண்டு பிடிக்க வேண்டும், அதாவது லோ கியரில் இறங்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் அதை வெப்பமாக வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. இன்ஜினுக்கு எத்தனை குதிரை கூட்டினாலும் பிரேக்குக்கு ஒன்றும் கூடுவதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எழுந்துபோய் டயர்களைப் பார்த்தார். அமெரிக்காவில் டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு தேதி அச்சிட்டிருக்கும். கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1514 என்றால் 2014-ம் ஆண்டின் 15-வது வாரம். மோட்டார் ஹோம் டயர்கள் தேய்ந்து போவதில்லை, நின்ற இடத்திலேயே மூப்படைந்துவிடும். பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் உள்ளே வெடித்திருக்கும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், 10 வருஷம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள். அவர் வண்டியின் முன்டயர்களில், பக்கவாட்டு ரப்பர் முழுக்க மெல்லிய கோடுகள். முன்டயர் ஒன்று அந்த இறக்கத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

யாருக்குப் பலன் கிடைக்கும்?

இன்ஜின் வேலை யாருக்குமே பயன்படாதா என்றால், அப்படியும் இல்லை.

டர்போ டீசல் மோட்டார் ஹோம்களில் ரீமேப் செய்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும், எவ்வளவு டீசலைத் தெளிக்க வேண்டும் என்பதை அங்கே கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. அந்த எண்களை மாற்றினால் இழுவை கூடும். ஆனால், கூடுதல் டீசல் எரிந்தால் கூடுதல் வெப்பம். எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இல்லாமல், நீண்ட ஏற்றத்தில் அந்த இழுவையை முழுதாகப் பயன்படுத்தினால் டர்போவும் பிஸ்டனும் அதற்கு விலை கொடுக்கும். அளவான இழுவைக்காக வடிவமைத்த கியர்பாக்ஸும் சூடாகும்.

பெட்ரோல் இன்ஜினில் பெரிய முன்னேற்றம் எப்படி வரும் என்பதற்கு அதே வி-10 இன்ஜின் நல்ல உதாரணம். பின்னாளில் மோட்டார் ஹோம்களுக்கு வந்த அதன் அடுத்த வடிவம் 362 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த 52 குதிரைக்காக ஃபோர்டு சிலிண்டர் ஹெட்டையே மாற்றியது. சிலிண்டருக்கு 2 வால்வு இருந்த இடத்தில் 3 வால்வு வைத்தது. 4 கியர் இருந்த இடத்தில் 5 கியர் கொடுத்தது. மலையில் பெரிய உதவி செய்தது அந்த ஐந்தாவது கியர். கியர்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்ததால், இன்ஜின் தன் பலம் இருக்கும் சுழற்சியிலேயே நிற்க முடிந்தது. குழாயை மட்டும் மாற்றி இதைக் கொண்டுவர முடியாது.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி, புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் குற்றம். ஆனாலும், பத்து ஆண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் அவை அகற்றப்பட்டிருப்பதாகச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவில் விதி இன்னும் கடுமை. புகையைப் பாதிக்கக்கூடிய உதிரி பாகம் எதுவாக இருந்தாலும், அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் அதற்கு இருக்க வேண்டும். வேலைக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆகவே, இன்ஜினில் கை வைக்க நினைப்பவர்கள் முதலில் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பவர் வேண்டுமா, மைலேஜ் வேண்டுமா? பவர் வேண்டுமென்றால் பணம் கொடுத்து ஓரளவுக்கு வாங்கலாம். வாங்குவதற்கு முன் டயர், பிரேக், கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மைலேஜ் வேண்டுமென்றால் அது இன்ஜினுக்குள் இல்லை. வேகத்திலும் எடையிலும் டயர் காற்றிலும் இருக்கிறது. டயரில் காற்றைச் சரியாக வைத்தால் சராசரியாக 0.6 சதவீதமும், சில வண்டிகளில் 3 சதவீதம் வரையும் மைலேஜ் கூடும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடு. சின்ன எண்தான். ஆனால், அந்த 3,000 டாலர் கொடுத்ததைவிட மோசமில்லை.

நோட்டில் அடுத்த பக்கம்

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் எங்கும் போகவில்லை. வெளியூர்ப் பயணச் செலவை மிச்சம் பிடித்து, வசந்தம் வருவதற்குள் 6 டயர்களையும் மாற்றினார்கள். முன் பிரேக் பேட், ரோட்டர், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. வண்டிக்கு அடியில் இருக்கும் 380 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புகிற பழக்கத்தை விட்டார்கள். தண்ணீர் மட்டுமே 380 கிலோ. ஐந்து பெரிய ஆட்களைக் காசு வாங்காமல் மலைமேல் ஏற்றிவிடுவதற்குச் சமம். தங்கும் இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்கிறார்கள்.

புறப்படும் நேரத்தை மனைவி மாற்றினார். காலை 9 மணிக்குப் பதில் 6 மணி. முன்னிரவே இட்லி அவித்துப் பொடி தடவிவைத்துவிடுகிறார். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கிறது, சாலையில் கூட்டமும் இல்லை. வேகம் 88-க்கு மேல் போவதில்லை. இடப்பக்கம் மற்றவர்கள் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். முதல் சில நாள்கள் அவருடைய வலது கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"ஆபீஸுக்கா போறோம்? பஞ்சிங் மெஷினா இருக்குது அங்க?" என்றார் மனைவி.

கன்சாஸ் சிட்டிக்கு அந்த வருடமும் போய்வந்தார்கள். அதே வழி, அதே இறக்கம், அதே ஏற்றம். 970 கி.மீ. தூரத்துக்கு, ஒரு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. போய்வந்து சேர்த்துப் பார்த்ததில் லிட்டருக்கு 3.5. இந்த முறை அது இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு.

கோடையில் மறுபடியும் மலைப் பயணம். சூப்பர்சார்ஜர் போட்டால் 66-ஐ 80 ஆக்கலாம் என்று ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். விலையைக் கேட்டுவைத்துக்கொண்டார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டாவது கியர் போட்டு, அபாய விளக்கைச் சொடுக்கிவிட்டு, வலது ஓரத்து லேனில் லாரிகளுக்குப் பின்னால் ஏறினார்கள். இறங்கும்போதும் அதே கியர். சில்வர்தார்ன் வந்ததும் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சூடு இருந்தது, புகை இல்லை.

உள்ளே அடுப்பில் ரசம் கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் எல்லாம் திறந்தே இருந்தது.